விபத்தில் சிக்காத வண்டி

மார்ச் 4
அப்பாவின் முழங்காலால் இனி கிளட்சை மிதிக்க முடியாது. பிக்கப்பை விற்றுவிடுவது என்று முடிவாகிவிட்டது. பதினாறு வருடத்தில் ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை. என்னைப் பட்டதாரி ஆக்கியதும் அந்த வண்டிதான்.

விளம்பரம் எழுதும் வேலை எனக்கு. “நீதானே படிச்சவ, நறுக்குன்னு எழுது” என்றார் அப்பா. இடப்பக்கக் கதவின் கண்ணாடியைக் கையால் தூக்கிவிட வேண்டும் என்பதையும் சேர்த்தேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். “வண்டிய விக்கிறியா, வர்றவன விரட்டுறியா?”

விபத்து ஏதாவது உண்டா என்று கேட்டேன். “கீறல்கூட இல்ல, எழுதும்மா” என்றார் அப்பா.

மார்ச் 9
மூன்று பேர் வந்தார்கள். டயரை உதைத்துப் பார்த்தார்கள். போய்விட்டார்கள்.

மார்ச் 12
நாற்காலி, மேசை வாடகைக்கு விடும் அக்கா ஒருவர் வந்தார். தானே ஓட்டுவாராம். மெக்கானிக்கை அழைத்து வரவில்லை. “குறையெல்லாம் நீயே எழுதியிருக்க, உன்ன நம்பாம யார நம்புறது? விபத்து இல்லன்னு உன் கையால எழுதிக் குடு, போதும்.”

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை அவர் நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தபோது பெருமையாக இருந்தது. அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்தேன்.

மார்ச் 27
நான் வேலை பார்க்கும் லேப்புக்குச் சர்க்கரை பார்க்க வந்தார் வெல்டிங் கடைக்காரர். “பிக்கப்காரர் பொண்ணா நீ? நீ காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்ப பாலத்துச் சுவர்ல மோதினாரே... வண்டிக்கு அடியில, சேசிஸ்ல நான் ஒட்டுப் போட்டதச் சொல்லித்தானே வித்தாரு? பெரிய பாரம் ஏத்தினா ஒட்டு விட்டுரும்மா.”

அவருடைய ரிசல்ட்டை இரண்டு முறை தப்பாக டைப் செய்தேன்.

அதே நாள், வீட்டில்
கேட்டேன். அப்பா மறுக்கவில்லை. “உனக்குப் பொய் சொல்ல வராது. அதான் உங்கிட்ட சொல்லல.”

ஏதோ எனக்கு நல்லது செய்ததுபோல! அண்ணனுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். எனக்கு மட்டும் – ஏம்ப்பா? என் மூஞ்சிய வெச்சா வித்தீங்க?

மார்ச் 28
அக்காவின் கடைக்குப் போனேன். வாசலில் வண்டி, கழுத்துவரை நாற்காலிகள். சொன்னேன். அவர் திட்டவில்லை. நாற்காலிகளை இறக்க ஆரம்பித்தார். நானும் இறக்கினேன். கடைசியில் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். “இத நீயே வெச்சுக்க.”

திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 6
அக்கா வண்டி வேண்டாம் என்றுவிட்டார். அண்ணன் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வண்டியை ஓட்டிவந்துவிட்டான். அவனும் அப்பாவும் என்னிடம் பேசுவதில்லை. அம்மா மட்டும், “ஊரைக் காப்பாத்தப் பொறந்தவளே, சாப்பிட வா” என்கிறாள்.

ஏப்ரல் 15
புதிதாக ஒருவர் பார்க்க வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். எஞ்சின், பிரேக், பேட்டரி என்று அப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். “சரி, முடிச்சுக்கலாம்” என்றார் வந்தவர்.

முன்பின் தெரியாதவரிடம் நானாகப் போய்ப் பேசியதே இல்லை. வெறுங்காலோடு இறங்கிப் போனேன்.

“அண்ணே, ஒரு தடவை அடியில படுத்துப் பாருங்க.”

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார், யார் வீட்டுப் பெண்ணோ என்பதுபோல.