ரவி விட்டுப்போன ஃபைல்கள்

8 ஜூன் 2009, திங்கள்

மறுபடியும் மழை. டாலிகஞ்ச் வீட்டிலிருந்து ஆபீஸ் வருவதற்குள் சேலை முழங்கால் வரை நனைந்தாச்சு.

சுனாமியில் வீடு இழந்தவர்களுக்கு அரசு வீடு கொடுக்கும் லிஸ்ட் இருக்கிற கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் கம்ப்யூட்டர் பையன் ரவிச்சந்திரன் புது டிஸ்க் போட்டு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தான். சென்னைக் கப்பல் ஒரு நாள் முன்னாலேயே கிளம்புகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். லீவில் ஊருக்குப் போகிறவன், பாதியில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். பழைய டிஸ்கில் ஃபைல்கள் அப்படியே கிடக்கின்றன. எது மாறியது, எது மாறவில்லை? அவனைக் கேட்கலாமென்றால் நடுக்கடலில் இருக்கிறான், போன் கிடைக்காது.

ஆபீஸர் ராஜசேகர் சாருக்குப் பொறுமை இல்லை. "அரே விஜயா, அதெல்லாம் கச்சடா. சாஃப் கர் தோ, அழிச்சிடு. அந்த டிஸ்க் அக்கவுண்ட்ஸுக்கு வேணும்."

அழித்த பிறகு ஏதாவது காணோமென்றால் யார் தலை உருளும்? காண்ட்ராக்டில் இருக்கிற என் தலைதான்.

9 ஜூன்

அழிக்கவில்லை. தலைவலி.

10 ஜூன்

பழைய ஃபைல்களில் ஒன்று மட்டும் இன்று காலை மாறியதாக நேரம் காட்டுகிறது. மற்றதெல்லாம் வெள்ளிக்கிழமையோடு நிற்கிறது. அப்படியென்றால் டேட்டாபேஸ் இன்னும் அதில்தான் எழுதுகிறது! புது டிஸ்கில் தேடினேன் — இல்லை. கச்சால் தீவுக் குடும்பங்கள் மொத்தமும் அந்த ஃபைலில்தான்.

அந்தச் சனங்களிடம் காகிதம் ஏது? ரேஷன் கார்டு, சிலோனிலிருந்து திரும்பி வந்து குடியேறிய பத்திரம் எல்லாம் கடல் கொண்டு போச்சு. அப்பாவையும்தான். கேம்ப்பில் அவர்கள் வாயால் சொன்னதை ஏற்றி வைத்தது இது ஒன்றுதான். அம்மா பெயரும் இருக்கு: ஒச்சம்மா, ராக்கப்பன் மனைவி.

டேட்டாபேஸை நிறுத்தி, முதல் வேலையாக சிடியில் காப்பி எடுத்தேன்.

"உங்க அம்மா பேர் இருக்குன்னுதானே இழுக்கற?" என்றார் சார். ஆமா சார், அதுக்கும்தான் என்றேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனார். போகட்டும்.

12 ஜூன்

சென்னையில் இறங்கி ஊர் போய்ச் சேர்ந்த ரவி இன்றுதான் போன் பண்ணினான். "ஐயோ அக்கா, அத நான் மாத்தவே இல்ல, கை வச்சிராதீங்க!" திட்டித் தீர்த்தேன். பிறகு அவன் சொல்லச் சொல்ல அதைப் புது டிஸ்குக்கு மாற்றித் திறந்தேன். பெயர்கள் வந்தன.

மீதிப் பழைய ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு வாரம் ஓடட்டும். எதுவும் கெடவில்லையென்றால் அழிக்கலாம்.

22 ஜூன்

அழித்தாச்சு. சார் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போனார்.

20 ஆகஸ்ட்

கச்சால் லிஸ்ட் ஒட்டிவிட்டார்கள். அம்மாவுக்கு வீடு! பஸ் பிடித்து, சுனாமிக்குப் பிறகு அவள் இருக்கும் வண்டூர் பக்கத் தகரக் கொட்டகைக்கு ஓடினேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் அவள் பெயர் அழியாமல் காத்ததையும், வீடு வந்தவர்கள் மாதக் கடைசிக்குள் கொட்டகையைக் காலி பண்ணிக் கச்சாலுக்குப் போகணும் என்பதையும் சொன்னேன்.

"அங்கயேவா?"

மேட்டுல கட்டியிருக்காங்கம்மா என்றேன்.

"ஒங்கப்பன கொண்டுபோன கடல நான் தெனமும் பாக்கணுமா புள்ள? அந்தப் பேர அழிச்சி விட்டிருந்தா என்னா ஒனக்கு?"

எங்கள் வீடு ஒரே ரூம். மாமியார், இரண்டு பிள்ளைகள். என்னோடு வந்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கச்சால் கப்பலுக்கு டிக்கெட் எடுக்கணும். அம்மாவுக்கு மட்டும்.