சேர்ந்து நிற்கும் படம்

சால்ட் லேக், கல்கத்தா

அன்புள்ள சௌந்தரம்,

உன் முட்டிவலி தேவலையா? பிள்ளைகள் சௌக்கியமா?

சம்பளத்தில் இத்தனை வருஷம் பிடித்த சேமநிதி ஓய்வு பெற்றதும் கைக்கு வந்துவிடும். எனக்குப் பிறகு உனக்கு வரவேண்டிய பென்ஷனுக்குத்தான் நாம் சேர்ந்து நிற்கும் படம் கேட்கிறார்கள். காட்டு ரேஞ்சரான என்னிடம் இருக்கும் படங்களில் பக்கத்தில் நிற்பதெல்லாம் யானைதான்.

"தனித்தனியா எடுத்து ஒட்டிக்கலாம் தாதா" என்றார் ஆபீஸ் கிளார்க் கோஷ் பாபு. இங்கே அண்ணனைத்தான் தாதா என்பார்கள்.

போன வாரம் மாடி ஏறும்போது நெஞ்சு லேசாக அடைத்தது. புலிக்காட்டில் திரிந்தவன் படியில் உட்கார்ந்துவிட்டேன். மாத்திரை சாப்பிடுகிறேன், பயப்படாதே.

கரியாஹாட்டில் ஒரு ஸ்டூடியோ பார்த்துவைத்திருக்கிறேன். பச்சைப் புடவையோடு ரயில் ஏறி வா. கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டு வா. தனித்தனியாக இருந்தது போதும். படத்திலாவது ஒட்டு வேண்டாம்.

ஆபீஸ் ஜீப் வந்துவிட்டது.

உன்
மணிவேல்