கழற்ற மறுத்த மாஸ்க்

அன்பு மகன் வெற்றிவேலுக்கு, இரும்புலியூரிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், கடல் தாண்டி கத்தாரில் இருக்கும் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, தங்கைக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. போன வாரம் போனில் நீ என்னைப் பேசவே விடவில்லை. சித்தாள் வேலையை விட்டுவிடு, கட்டட சைட்டில் வம்பு வளர்க்காதே என்று நீயே பேசி நீயே வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

என்னோடு கூட்டிப் பெருக்கும் ஜோசலினை உனக்குத் தெரியும். அவள் புருஷன் பிரிட்டோ பல வருஷமாக கிரானைட், டைல்ஸ் வெட்டியவர். இருமலுக்கு டிபி என்று சொல்லி மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், இருமல் நிற்கவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாதான் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்களாம். கல் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது, இனி அதை எடுக்க மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மனுஷன் இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்குகிறார். அதே தூசியைத்தான் நாங்கள் காய்ந்த துடைப்பத்தால் கிளப்பி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தோம்.

போன மாதம் கம்பெனி ஆட்கள் பார்வையிட வந்தார்கள். அன்றைக்குக் காலையில் சூப்பர்வைசர் சம்பத் எல்லோருக்கும் கெட்டியான மாஸ்க் கொடுத்தார், தண்ணீர் விட்டு வெட்டும் மிஷினும் வந்தது. தூசியே பறக்கவில்லை, எதிரில் இருப்பவர் முகம் தெரிந்தது. இத்தனை நாளும் இது முடியாத காரியமில்லை, எங்களுக்குச் செய்யவில்லை அவ்வளவுதான் என்று அப்போதுதான் புரிந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் சம்பத் கோணிப்பையோடு வந்து மாஸ்க்கைக் கழற்றிப் போடச் சொன்னார், மிஷினையும் வண்டியில் ஏற்றச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"மூஞ்சில கீது சார், வேணும்னா மூஞ்சியோட சேத்து எடுத்துக்கினு போ" என்றேன்.

ஜோசலின் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். மற்ற பெண்களும் கழற்றவில்லை. வெட்டுகிற ஆட்கள் மிஷினை வண்டியில் ஏற்றாமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் கேட்டில் என்ஜினியர் நின்றுகொண்டு, எல்லோரும் உள்ளே வரலாம், ஹேமாவதி மட்டும் வேண்டாம் என்றார். எனக்குப் பயம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஜோசலின் ரோட்டு ஓரத்தில் வெயிலிலேயே உட்கார்ந்து, "அக்கா உள்ள வந்தாத்தான் நாங்களும் வருவோம்" என்று சொல்லிவிட்டாள், யாருமே நகரவில்லை. வீடு வாங்குகிறவர்கள் பார்க்க வரும் நேரம், வேலை அப்படியே நின்றது. மத்தியானம் கேட் திறந்தது, நானும்தான் உள்ளே போனேன். இப்போது மாஸ்க் எங்களிடமே இருக்கிறது, தண்ணீர் விட்டுத்தான் வெட்டுகிறார்கள், தெளித்துவிட்டுத்தான் கூட்டுகிறோம். சம்பத் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, அது எனக்கு ஒரு நஷ்டமில்லை. பிரிட்டோவிடம் போய்ச் சொன்னோம். அவர், மாஸ்க்கைக் கழற்றிடாதே என்று ஜோசலினிடம் சொன்னார்.

அதனால் வேலையை விடமாட்டேன், வாயையும் மூடமாட்டேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி. இன்னொன்று. என்னைத் திட்டும்போது நடுவில் நீ இருமினாய். ஏசி ரூமில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறாய். வெற்றி, உன் கையில் என்ன மிஷின் கொடுத்திருக்கிறார்கள்? அதில் தண்ணீர் வருகிறதா? அம்மாவிடம் மறைக்காதே, போட்டோ எடுத்து அனுப்பு. தண்ணீர் இல்லையென்றால் அதைக் கீழே வைத்துவிட்டு ஊருக்கு வா, நம் வீட்டில் சோறு இருக்கிறது.

திருநீர்மலைப் பெருமாள் உன் கூடவே இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. போட்டோவை மறக்காதே.

உன் மூச்சு நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
அம்மா ஹேமாவதி