தயிர் வாங்க வந்தவருக்கு

ஐயா,

இன்று காலை தயிர்ச் சட்டியை மூடிக் கட்ட வாழையிலையைத் தணலில் வாட்டினேன். அந்த மணத்தோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். நீங்கள் காலமான செய்தி மூதூருக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடைசியாக முகம் பார்க்கக் கிடைக்காத கவலை இன்னும் ஆறவில்லை.

சீனன்குடாவில் கூலிக்கு நின்றபோது பித்தளைச் சாமான் திருடி அகப்பட்டவன் நான். நீதவான் என்னை மறியலில் அடைக்காமல் உங்கள் பொறுப்பில் விட்டார். நன்னடத்தை உத்தியோகத்தர் என்றால் காக்கி போடாத பொலிஸ்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்களோ பட்டணத்திலிருந்து லாஞ்சுப் படகில் குடாவைக் கடந்து, வயிற்றைப் பிரட்டி முகம் வெளிறிய கோலத்தில் எங்கள் வாசற்படலையில் வந்து நின்றீர்கள். என் வழக்குப் பற்றி உம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு உயிர் போய் வந்தது.

“தயிர் இருக்குதோ உம்மா? மகன்தான் சொன்னவர்,” என்றீர்கள்.

அதன்பிறகு மாதந்தோறும் அதே நாடகம். உம்மா உள்ளே போய்ச் சட்டிக்கு இலை கட்டி வருவதற்குள் உங்கள் விசாரணை முடிந்துவிடும். வேலைக்குப் போகிறேனா, பழைய கூட்டாளிகளோடு சேர்கிறேனா, இராத் தூக்கம் வருகிறதா என்று கேட்பீர்கள். மூன்றாவது கேள்வி எந்தச் சட்டத்தில் இருந்ததோ தெரியாது. பட்டணத்து உத்தியோகத்தர் கடல் தாண்டி வந்து தன் தயிரை வாங்குகிறார் என்று உம்மா சந்தையெல்லாம் பெருமையடித்தார்.

பிறகு செலவைக் குறைக்கிறோம் என்று அரசாங்கம் உங்கள் பயணப்படியை வெட்டியது. என்னைப்போல் மேற்பார்வையில் உள்ளவர்கள் இனிப் பொலிஸ் நிலையத்துக்குப் போய் ஒப்பமிட வேண்டுமாம். எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. ஒருநாள் அந்த வாசலில் நின்றாலும் கலியாணம் குழம்பியிருக்கும். ஊரைவிட்டு ஓடவே நினைத்தேன்.

நீங்கள் வழக்கம்போல வந்தீர்கள். “இவரை நான் நேரில பாக்கிறனான் எண்டு மேலுக்கு எழுதிப்போட்டன். அவை லாஞ்சுக் காசைத்தானே நிப்பாட்டினவை? நான் தயிர் வாங்கிறதை நிப்பாட்டேல்லையே,” என்றீர்கள்.

என் தவணை முடியும்வரை உங்கள் கைக்காசில் வந்தீர்கள். உம்மா தன் தயிரை நம்பியபடியே கண்ணை மூடி மௌத்தானார். அந்த நிம்மதியை அவருக்குத் தந்தது நீங்கள்.

இப்போது இன்னும் ஆட்களைக் குறைக்கப் போகிறார்களாம். இப்பவே இந்தப் பக்கம் எந்த உத்தியோகத்தரும் வருவதில்லை. எங்கள் தெருவில் ஒருவன் கிழமைதோறும் பொலிசில் ஒப்பமிடப் போகிறான். ஊர் முழுக்கப் பார்க்கிறது. ஊர் அரிசி ஆலையில் அவனுக்கு வேலை இல்லை என்றுவிட்டார்கள். அவன் வீட்டுப் படலையை யாரும் திறப்பதில்லை. அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை ஐயா.

இன்று அந்தச் சட்டியை அங்கேதான் கொண்டுபோனேன். அவன் மனைவி திகைத்துப்போய், “நாங்க தயிர் கேக்கல்லையே காக்கா,” என்றாள்.

“உங்கட அவர்தான் சொன்னவர்,” என்றேன்.

எனக்கு அதிகாரமும் இல்லை, படியும் இல்லை. ஆனாலும் அவள் தயிரை மாற்ற ஏனம் எடுக்கக் குசினிக்குள் போனதும், உள்ளே தலைகுனிந்து இருந்தவனிடம் உங்கள் மூன்றாவது கேள்வியை முதலில் கேட்டேன்.

“தூக்கம் இல்லை காக்கா,” என்றான். அவள் திரும்பி வருமுன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.