தெரியும் என்று சொன்ன இரண்டு கிழவிகள்

ஸ்டுட்கார்ட்
வியாழக்கிழமை

அன்பு மகள் ஜெயமலருக்கு,

அம்மா எழுதுவது. நல்லூரான் புண்ணியத்தில் மூச்சும் பேச்சுமாக இருக்கிறேன், நீயும் மருமகனும் மிதுஷனும் கனடாக் குளிருக்குள் நோய் நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன். முழங்கால் ஒப்பரேசன் சரி, படி இறங்குகிறேன், ஏறத்தான் இன்னும் ஏலாது. உன் தம்பி ஐங்கரனின் பெண்சாதி ஆதிரைக்கு ஆஸ்பத்திரியில் தாதி வேலை பழகும் அவுஸ்பில்டுங் பயிற்சி கிடைத்துவிட்டது. இதை எழுதினால் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன் என்றாள், வேண்டாம், தபாலிலேயே போகட்டும், கையில் பிடித்து வாசிக்க வேண்டிய விசயம் என்றேன். நீ போன கிழமை டெலிபோனில் அழுதாய். பான் நகரத்து ஆஸ்பத்திரியில பெரியப்பா சாகக் கிடக்கிறார், மங்கையை ஒருக்கால் பாக்க வேணும் எண்டு கேக்கிறார், போய் மன்னிச்சுப்போட்டன் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ அம்மா, ஒரு வேலிச் சண்டைக்கு முப்பது வருசமோ என்று கேட்டாய். நான் டெலிபோனை வைத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்குச் சொல் வர நேரம் எடுக்கும். இப்போது வந்துவிட்டது.

என் மாடியில் நீ கலியாணம் முடித்துப் போன பிறகு குடிவந்த இரண்டு கிழவிகளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இடப்பக்கம் தெஸ்பினா, கிரேக்கத்தி, ஆனால் பிறந்தது இஸ்தான்புல். வலப்பக்கம் எமினே, துருக்கிக்காரி, ஆனால் பிறந்தது சைப்பிரஸ். நடுக்கதவு என்னுடையது. படிக்கட்டுக் கூட்டும் முறைப் பலகை உனக்கு நினைவிருக்கும், யாருடைய கதவில் தொங்குகிறதோ அந்தக் கிழமை அவர் கூட்டித் துடைக்க வேண்டும், முடிந்ததும் அடுத்த கதவில் மாட்ட வேண்டும். எமினேயின் முறை முடிந்தால் அது தெஸ்பினாவிடம் போக வேண்டும், பிறகு என்னிடம், பிறகு திரும்ப எமினேயிடம். பதினொரு வருசமாக எமினே பலகையைக் கொண்டுவந்து என்னிடம் தருவாள், நான் கொண்டுபோய் தெஸ்பினாவின் கதவில் மாட்டுவேன். ஒருத்தியின் கதவை மற்றவள் தொடமாட்டாள். தெஸ்பினாவுக்கு ஏழு வயதில் ஒரு கூட்டம் வந்து தகப்பனின் துணிக்கடையை உடைத்துப் பட்டும் சீத்தையும் கட்டுக்கட்டாகத் தெருவில் எறிந்து மிதித்ததாம், அதற்கு முன்பே தாயின் ஊர் கடற்கரையோடு எரிந்து போனதாம். எமினேயின் அண்ணனைக் கிரேக்கர் பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோனார்கள், நாற்பது வருசத்துக்கு மேல் கழித்து ஒரு சின்னப் பெட்டியில் எலும்பு வந்தது. இரண்டு பக்கமும் ஆட்களை மதம் பார்த்துப் பிரித்துக் கப்பலில் மாற்றி மாற்றி ஏற்றிய பழைய கதையும் உண்டு. தெஸ்பினா சொன்னால் துருக்கியர் தொடங்கினது, எமினே சொன்னால் கிரேக்கர் தொடங்கினது. நான் இரண்டு பேரிடமும் கோப்பி குடித்து இரண்டு பேருக்கும் ஓம் சொன்னேன். உள்ளுக்குள் மெச்சினேன் என்று வைத்துக்கொள். மறக்காதவர்களை எனக்குப் பிடிக்கும்.

நான் மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பலகை எமினேயின் கதவிலேயே நின்றுவிட்டது. கொடுக்க ஆள் இல்லை. அவள் இடுப்பு வலியோடு மூன்று கிழமையும் தானே துடைத்திருக்கிறாள். நான் வீடு வந்த அன்று, என்னால் இன்னும் நடக்க ஏலாது என்று கண்டு, பொறுக்க முடியாமல் பலகையோடு போய் தெஸ்பினாவின் கதவைத் தட்டினாள். நான் என் கதவை ஒரு விரலளவு திறந்து வைத்திருந்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். எமினே ஜெர்மனில் உங்கள் முறை என்றாள். தெஸ்பினா துருக்கியில் பதில் சொன்னாள். பதினொரு வருசமாகத் தனக்கு அந்தப் பாசை தெரியும் என்றே அவள் காட்டியதில்லை. பிறகு இரண்டு பேரும் தனித்தனியாக வந்து எனக்குச் சொன்னது ஒன்றுதான். என்ர அப்பாவின்ர கடைக்கு உங்கட ஆக்கள் செய்தது தெரியுமோ என்று தெஸ்பினா கேட்டாளாம். தெரியும் என்றாளாம் எமினே. என்ர அண்ணனுக்கு உங்கட ஆக்கள் செய்தது தெரியுமோ என்று எமினே கேட்டாளாம். தெரியும் என்றாளாம் தெஸ்பினா. பலகையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். கட்டிப் பிடிக்கவும் இல்லை, அழவும் இல்லை, இன்றைக்கும் வணக்கம் கிடையாது. ஆனால் பலகை இப்போது கையோடு கை போகிறது. என் வேலை போய்விட்டது.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே விளங்கியது. பிள்ளை, அது வேலிச் சண்டை இல்லை. தொண்ணூற்றாறில் சந்தி முகாமில் எல்லாரையும் வரிசையில் விட்டார்கள், நீ அன்று பள்ளிக்கூடம், நான் ஐங்கரனை இடுப்பில் வைத்துக்கொண்டு பத்தடி பின்னால் நின்றேன். அப்பாவைச் சைக்கிளோடு ஒதுக்கி நிறுத்தினார்கள். உன் பெரியப்பாவும் வரிசையில் நின்றார், அந்த மனிசன் அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் வேலை, ஆமிக்காரருக்கு முகம் தெரியும். அவரைக் கூப்பிட்டு இது ஆர், உன்ர ஆளோ என்று கேட்டார்கள். கூடப் பிறந்த தம்பியின் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியாது என்றார். நான் கத்தினேன், பெண்சாதியின் கத்தல் எடுபடவில்லை. லொறியில் ஏற்றியபோது அப்பா என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டு போனார், போனவர் திரும்பி வரவே இல்லை. அடுத்த மாதம் அந்த மனிசன் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டார், முகம் கொடுக்காமலிருக்க ஒரு சாட்டு வேண்டுமே. ஊர் வேலிச் சண்டை என்று நம்பியது, நானும் நம்ப விட்டேன், பெரியம்மா உனக்குத் தலை வாரி இழுத்துச் சோறு தந்தவ, அந்தச் சோறு உனக்குக் கசக்கக் கூடாது என்று. இப்போது கசக்கட்டும், உனக்கு நாற்பது வயது.

இரண்டு கிழமை கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஐங்கரன் என்னைக் காரில் பானுக்குக் கொண்டுபோகிறான். மன்னிக்கப் போகவில்லை. அப்பாவின் கலியாணப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன், அதை அவர் கண்ணுக்கு நேரே பிடித்து இது ஆர் என்று கேட்பேன். என்ர தம்பி, அண்டைக்கும் எனக்குத் தெரியும் என்று வாய் திறந்து சொன்னால் சாகக் கிடப்பவருக்கு இனசனம் செய்வது போல ஒரு கரண்டி பால் பருக்குவேன், அவ்வளவுதான், அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. சொல்லாவிட்டால் பாலைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு, படத்தைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டு வருவேன். குடும்பப் படம், கடைசிவரை கழற்ற வேண்டாம் என்று அங்குள்ள தாதிக்கு ஜெர்மனில் சொல்ல ஆதிரையிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருக்கிறேன்.

பிள்ளைக்குத் தடித்த சட்டை போட்டு அனுப்பு, மருமகனோடு சிறு விசயத்துக்குக் கத்தாதே, நீங்கள் மூவரும் நூறு வருசம் நிறைவாக வாழ வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வை. நான் வருவதை அவருக்கு முன்கூட்டி டெலிபோனில் சொல்லிவிடாதே. அன்று அப்பாவுக்கும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

உன் அம்மா
மங்கையற்கரசி