ஹ்விடோவ்ரே மண்டபத்தில் நீ ஆடிய தாண்டியா

அன்புத் தோழிக்கு,

இன்று மாலை வேலை முடிந்து ஹ்விடோவ்ரே மண்டபத்தைக் கடந்து பஸ்ஸுக்கு நடந்தேன். உள்ளே கோல்கள் மோதும் சத்தம். குஜராத்திக்காரரின் நவராத்திரி தொடங்கிவிட்டது. கால் அப்படியே நின்றுவிட்டதடி.

யுத்தம் முடிந்த வருடம் உன் மேல்வீட்டுக் குஜராத்திப் பெண் எங்களை அழைத்துப் போன மண்டபம் இதுதான். வைகாசிக்குப் பிறகு உன் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வன்னியில் அவனைக் கடைசியாகக் கண்டவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். இங்குள்ள சனத்துக்கோ ஒரே பல்லவி: "அந்திரட்டிக் கிரியையைச் செய்துபோடு பிள்ளை. ஆத்மா அலையக்கூடாது." நீ அதைச் செய்யவில்லை.

நாங்கள் ஓரமாகக் கதிரையில் இருந்தோம். செத்தவீடு நடந்த குடும்பம் ஒரு வருடத்துக்குக் கொண்டாட்டத்தில் கலப்பதில்லையே, நீ பார்க்க வந்ததே பெரிய விஷயம் என்று நினைத்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள் எதிரெதிராகச் சுழன்றன. எதிரில் வந்தவரின் கோலில் தட்டிவிட்டு எல்லோரும் அடுத்தவரிடம் நகர்ந்தார்கள். ஒரு பெண் மூச்சு வாங்கி வெளியேற, மேல்வீட்டுக்காரி கோல்களை எங்கள் பக்கம் நீட்டி டேனிஷில் கூப்பிட்டாள்: "ஒராள் குறையுது, வாங்கோ!"

நீ எழும்பினாய். பின்னால் இருந்த எங்கள் ஊர் அக்கா உன் சேலையைப் பிடித்து இழுத்தார். "உனக்கென்ன விசரே? செத்தவீட்டுக்காரர் ஆடுறதோ?"

"எங்கட வீட்டில ஆர் அக்கா செத்தது?"

சத்தம் போடாமல்தான் கேட்டாய். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாய்.

அம்மாடி, அந்த ஆட்டம்! பள்ளிக்கூடத்துக் கோலாட்ட நினைப்பில் முதலில் ஒரே ஆளோடு நின்று தட்டினாய். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு சிரிக்க, மேல்வீட்டுக்காரி உன் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டாள். பிறகு தாளம் ஏற ஏற நீயும் ஏறினாய். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. ஒரு தட்டும் பிசகவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உன்னைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை.

தம்பி வரவில்லை. இந்த வருடம் மாசியில் நீயும் போய்விட்டாய். இங்கே பிறந்த உன் மகன், முறை பிழைக்கக்கூடாதென்று உன் மரண அறிவித்தலை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினான். உன் அப்பா அம்மாவோடு, தன் மாமனான உன் தம்பியையும் "காலஞ்சென்ற" என்று சேர்த்திருந்தான்.

"மாமாவின்ர பேருக்கு முன்னால அது வேண்டாம், ராசா."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப அவர் இருக்கிறாரோ அன்ரி?"

"ஓம்" என்றேன். அதைச் சொல்ல இனி நான் மட்டும்தானடி இருக்கிறேன்.