நான்காவது கட்டம்

அக்கா,

உங்கள் பையைத் திறந்ததும் முதலில் வந்தது அந்த வாசனைதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கையில் தேய்த்துக்கொள்வீர்களே, அந்த நீல மருந்து. மூன்று வாரம் பூட்டிக் கிடந்த மாடியறையில் அது மட்டும் போகாமல் இருந்தது. மறுநாள் உங்கள் அம்மா திண்டுக்கல்லிலிருந்து வருகிறார், சாமான்களைக் கட்டி வை என்று உம்மா என்னை மேலே அனுப்பியிருந்தாள்.

வெள்ளைக் கோட்டுகள் இரண்டையும் மடித்து வைத்தேன். அவற்றுக்கு அடியில் ஒரு நீள நோட்டு. உங்கள் பாட நோட்டுகள் எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். இது தமிழில் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் நான்கு கட்டங்கள் இழுத்திருந்தீர்கள். அவள் சொன்னது. நான் சொன்னது. எனக்குள் ஓடியது. நான் சொன்னது சரியா. முதல் பக்கத்தின் தலைப்பில் ஒரு வரி: "நோயாளி: ந. பெண். வயது 16. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள்."

அந்த ந. நான்தான்.

இது என்ன நோட்டு என்று எனக்குத் தெரியும். மனநல வார்டுக்குப் போகும் நர்ஸிங் பிள்ளைகள் ஒரு நோயாளியோடு தினமும் உட்கார்ந்து பேச வேண்டும், பேசியதை ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும், பிறகு தாங்கள் சொன்னது சரியா தப்பா என்று தாங்களே பார்க்க வேண்டும் என்று ஒருநாள் சாப்பிடும்போது உம்மாவிடம் சொன்னீர்கள். "அடுத்தவங்க பேச்சுல தப்பு கண்டுபிடிக்கிறது எல்லாருக்கும் வரும் மாமி. நம்ம பேச்சுல கண்டுபிடிக்கத்தான் காலேஜு" என்றீர்கள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

கட்டிலில் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன்.

நீங்கள் புனே பக்கம் நிக்டியில் எங்கள் மாடியறைக்குக் குடிவந்தபோது நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். மேலப்பாளையத்திலிருந்து பதின்மூன்று வயதில் இங்கே வந்தேன். வகுப்பில் மராத்திப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். ஒருநாள் நின்றேன், குரல் வரவில்லை. பின்னால் சிரித்தார்கள். மறுநாள் வீட்டு கேட்டில் கை வைத்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அதன்பிறகு கேட்டைத் தாண்டவே முடியவில்லை. "பொம்பளப் புள்ள கூச்சப்படுதது நல்லதுதானே" என்றார் வாப்பா. உம்மா தண்ணீரில் ஓதி வாங்கி வந்து குடிக்கக் கொடுத்தாள். வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "ஏன் ஸ்கூல விட்டு நின்ன?" நான் வாப்பாவின் கடைக்கு நேந்திரம் சிப்ஸைக் கால் கிலோ கால் கிலோவாகப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தேன். சீல் மெஷினை அழுத்துவதற்குப் பேச்சு வேண்டியதில்லை.

ஒரு சாயங்காலம் நீங்கள் மாடிப்படியில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தீர்கள்.

"நான் ஒன்னும் கேக்க மாட்டேன். பத்து நாளைக்கு அஞ்சு மணிக்கு வருவேன், அஞ்சரைக்கு எந்திரிச்சிடுவேன். நீ பேசினாலும் சரி, பேசலைன்னாலும் சரி."

நான் தலையை ஆட்டினேன். நீங்கள் ஒரு சிப்ஸை எடுத்து வாயில் போட்டு முகத்தைச் சுளித்தீர்கள். "உங்க வாப்பா சிப்ஸ்ல உப்பு போட்டாரா, உப்புல சிப்ஸ் போட்டாரா?"

அன்று நான் பேசவில்லை. சிரித்தேன். நோட்டில் அது இருக்கிறது: "அவள் சொன்னது: ஒன்றும் இல்லை. சிரித்தாள்." நான்காவது கட்டத்தில் சின்னதாக ஒரு டிக்.

பத்து நாள் என்று ஏன் முதலிலேயே சொன்னீர்கள் என்று இப்போதுதான் புரிந்தது. "முடிவை ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும்" என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியில் இன்னொன்றும் இருந்தது: "வார்டில் எனக்குக் கொடுத்த நோயாளி அம்மாவுக்கு மராத்தி மட்டும்தான். நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிறார். மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். கீழ்வீட்டுப் பெண்ணிடம் முயன்று பார்க்கலாம்."

அதைப் படித்தபோது நோட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஓர் ஆள் என்னைத் தேடி வந்து உட்கார்ந்தார் என்று நினைத்திருந்தேன். நீங்கள் நோட்டுக்காக வந்திருக்கிறீர்கள். இல்லை என்று நீங்களே வந்து சொன்னாலும் நான் நம்ப மாட்டேன், உங்கள் எழுத்தே இருக்கிறது.

ஆனாலும் படித்தேன். மூன்றாம் நாள். "அவள் சொன்னது: கேட்டைத் தாண்டினா மூச்சு நின்னுரும்போல இருக்கு. நான் சொன்னது: அதெல்லாம் ஒன்னும் ஆகாது, தைரியமா இரு." நான்காவது கட்டத்தில், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, "தப்பு. ஆறுதல் சொல்வதாக நினைத்து அவள் வாயை அடைத்துவிட்டேன். அவளுக்கு இல்லை, எனக்குத்தான் அப்போது தைரியம் தேவைப்பட்டது." அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் அப்படிச் சொன்னதும் நான் பொட்டலங்களை வரிசையாக சீல் வைத்துக்கொண்டே போனேன். நீங்கள் அதைக் கவனித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் வந்து, "நேத்து நான் சொன்னது சரியில்ல. மூச்சு நின்னுரும்னு தோணும்போது என்னெல்லாம் ஆவுது, சொல்லுறியா?" என்று கேட்டீர்கள். பெரியவர்கள் யாரும் என்னிடம் அப்படி வந்து சொன்னதில்லை. அன்றுதான் சொன்னேன். உள்ளங்கை வேர்ப்பது, காது அடைப்பது, வகுப்பில் நின்றது, எல்லாம். நீங்கள் ஒருமுறைகூட ஏன் என்று கேட்கவில்லை. "ஏன்னு கேட்டா ஆளு கூண்டுல நிக்கிற மாதிரி ஆயிடும். என்ன ஆச்சுன்னு கேட்டா பக்கத்துல உக்காந்த மாதிரி" என்று ஒருநாள் சொன்னீர்கள்.

பேச்சு வந்துகொண்டிருக்கும்போதே ஐந்தரை ஆகிவிட்டது. நீங்கள் எழுந்துவிட்டீர்கள். எனக்கு அழுகை வந்தது. மூன்றாவது கட்டத்தில் எழுதியிருக்கிறீர்கள்: "எழுந்து போவது கஷ்டமாக இருந்தது. ஆனால் சொன்ன நேரத்தை மீறினால் நாளைக்கு வருவேன் என்று சொன்னதையும் நம்ப மாட்டாள்."

ஆறாம் நாள் கேட்டேன், "இதெல்லாம் யார்ட்டயும் சொல்ல மாட்டீங்கல்லா?"

"அப்படிச் சத்தியம் பண்ண மாட்டேன். உன் உயிருக்கு ஆபத்துன்னு பட்டா உம்மாட்ட சொல்லுவேன், உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். மத்ததெல்லாம் என்னோட இருக்கும்."

மற்றதெல்லாம் உங்களோடு இருந்ததா அக்கா? நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும், இழுத்துப் பேசியதுகூட, இந்தக் கட்டங்களுக்குள் இருக்கிறது. வகுப்பில் என் பாவாடை நனைந்துபோனதை உம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. அதுவும் இருக்கிறது.

எட்டாம் நாள் இருவரும் கேட்டைத் தாண்டி முனை மெடிக்கல் கடை வரை போனோம். நீங்கள் என் கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நடந்தீர்கள். திரும்பி வந்ததும் நான் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். "போனோம்ல" என்றீர்கள், அவ்வளவுதான். ஒன்பதாம் நாளோடு எழுத்து நின்றுவிட்டது. அடுத்த பக்கத்தில், கட்டம் எதுவும் இல்லாமல், குறுக்கே எழுதியிருந்தீர்கள்:

"இதைக் காலேஜில் கொடுக்க மாட்டேன். அவளிடம் கேட்கவே இல்லை. இனிமேல் கேட்டால், எனக்காகச் சரி என்பாள். அவளுக்கு இல்லை என்று சொல்ல வராது. வேறு ஆளிடம் முதலிலிருந்து."

அதைப் படித்த பிறகுதான் அந்த மழை நாள் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. நீங்கள் குடையை உதறிக்கொண்டே வந்து, "மாமி, ஒரு நோட்டு கொடுக்கலைன்னு இன்னும் ரெண்டு வாரம் வார்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க" என்றீர்கள்.

"ஏ புள்ள, எதையாவது எழுதிக் கொடுத்துத் தொலைச்சிருக்கலாம்லா?"

"எழுதினேன் மாமி. கொடுக்குற மாதிரி இல்ல."

பத்தாவது நாள் பேச்சை அந்த இரண்டு வாரம் முடிந்ததும் வைத்துக்கொள்வோம், அதுதான் கடைசி என்று என்னிடம் சொன்னீர்கள். இரண்டாவது வாரம் புதன்கிழமை, தோழியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வார்டுக்குப் போனபோது, பாலத்து இறக்கத்தில் வண்டி வழுக்கியது. தோழிக்குக் கை முறிந்தது. நீங்கள் எழுந்திருக்கவில்லை.

கொடுத்திருந்தால் அந்த இரண்டு வாரம் இல்லை. கணக்கு அவ்வளவு சின்னதாக இருக்கிறது அக்கா. எத்தனை முறை போட்டாலும் அதே விடைதான் வருகிறது.

உங்கள் அம்மா வந்தார். உங்களைவிடக் குள்ளம், உங்களுக்கு இருக்கிற அதே நெற்றி. உம்மா அவர் கையைப் பிடித்து, "எல்லாம் ஆண்டவன் நாட்டம், மனசத் தேத்திக்கிடுங்க" என்றாள். பக்கத்து வீட்டுக்காரம்மா, "நல்லவங்களச் சீக்கிரம் கூப்பிட்டுக்கிறான்" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது. என் முகம் அப்படி மூடியபோது வெளியிலிருந்து எப்படித் தெரிந்திருக்கும் என்று அன்று பார்த்தேன்.

அவர் மாடிக்குப் போனார். நான் தண்ணீர்ச் செம்போடு பின்னால் போனேன். கட்டிலில் உட்கார்ந்தார். நான் தரையில், எதிரே, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். நீங்கள் உட்காருவீர்களே, அந்தத் தூரத்தில். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கீழே வாப்பா கடைக்குக் கிளம்பும் சத்தம் கேட்டது, அது போன பிறகும் வெகுநேரம் அப்படியே இருந்தோம்.

அவர்தான் கேட்டார். "எம்மக பெயிலாயிட்டாளா தாயி? அதனாலதான் திரும்பப் போகச் சொன்னாங்களா? காலேஜுல கேட்டா மழுப்புறாங்க. அவங்க அப்பாவுக்குத் தெரியாம வளையலை வச்சுப் படிக்க அனுப்புனேன். ஒழுங்காப் படிச்சாளான்னு மட்டும் யாராவது சொன்னாப் போதும்."

பதில் இந்த உலகத்தில் என் ஒருத்தியிடம்தான் இருந்தது. சொன்னால் நோட்டைச் சொல்ல வேண்டும். நோட்டைச் சொன்னால் என்னைச் சொல்ல வேண்டும். அவர் மகள் அந்தச் சாலையில் இருந்ததற்கு நான் ஒரு காரணம் என்று அவருடைய முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். காது அடைத்தது. வகுப்பில் நின்றது போலவே இருந்தது. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. நான் கூச்சக்காரி, பேசாவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

"பெயில் இல்லம்மா" என்றேன். குரல் உடைந்துதான் வந்தது. "எழுதி முடிச்சிருந்தாங்க. அது என்னைப் பத்தி. என்னைக் கேக்காமக் கொடுக்கக் கூடாதுன்னு வச்சிட்டாங்க."

பையிலிருந்து நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தை அவரிடம் விரித்துக் காட்டினேன். விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"கேட்டிருந்தா நீ சரின்னு சொல்லியிருப்பியா?"

ஆமாம் என்று சொல்லலாம். இல்லை என்றும் சொல்லலாம். இரண்டில் எது அவருக்கு ஆறுதல் என்று எனக்குத் தெரியவில்லை. "தெரியலம்மா" என்றேன். "நீங்க எம்மேல கோவப்பட்டா அது எனக்குப் புரியும்."

அவர் கோபப்படவில்லை, உன்னால் இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. விஷயம் தெரிந்ததிலிருந்து வாப்பாவும் உம்மாவும் அந்த வார்த்தையைத்தான் தினமும் சொல்கிறார்கள். சொன்னவுடன் நான் சீல் மெஷினுக்குத் திரும்பிவிடுகிறேன். உங்கள் அம்மா அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டே, "இந்த ஒன்னை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். அக்கா, அவர் என்னைக் கேட்டார். நான் சரி என்றேன். ஸ்கேலை வைத்து மெதுவாகக் கிழித்துக் கொடுத்தேன். மற்ற பக்கங்கள் என் பேச்சு, அவை என்னிடமே இருக்கின்றன.

ஆட்டோ வரை போய் அனுப்ப ஆசைப்பட்டேன். கேட்டில் கை வைத்தேன், உள்ளங்கை வேர்த்தது. மெடிக்கல் கடை வரை போனேன், அதற்கு மேல் முடியவில்லை. ஆட்டோவை அங்கே வரச் சொன்னோம்.

நீங்கள் என்னிடம் நோட்டுக்காக வந்தீர்கள். அதே நோட்டை எனக்காகக் கொடுக்காமலும் விட்டீர்கள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு நாள் ஒன்று மேலே வருகிறது, மறுநாள் மற்றொன்று.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் படியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த தாளில் சிவப்பு மையால் கட்டங்கள் இழுத்தேன். உங்கள் அம்மா சொன்னது. நான் சொன்னது. எனக்குள் ஓடியது. மூன்றையும் எழுதிவிட்டேன். நான்காவதில் பேனாவை வைத்துக்கொண்டு ஐந்தரை வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துவிட்டேன். அது காலியாகவே இருக்கிறது. நாளைக்கும் ஐந்து மணிக்கு உட்காருவேன்.

உங்கள்
ந.